இரண்டு மருந்தும் ஒரே கையிலா?

தோட்டத்திலே நமக்கொரு வழக்கம். களைக்கொல்லி நஞ்சை 'மருந்து' என்கிறோம். பம்பை முதுகில் சுமந்து அதை அடிக்கும் பெண்களை 'மருந்தடிக்கிற ஆட்கள்' என்கிறோம். இரத்தப் புற்றுநோய் கண்ட பிள்ளைக்குப் பட்டணத்து ஆஸ்பத்திரியில் ஏற்றுவதும் மருந்துதான். காலையில் ஒரு மருந்தை அடித்துவிட்டு வரும் தாய், மாலையில் அதே கையால் பிள்ளைக்கு மற்றொரு மருந்தைக் கொடுக்கிறாள். இந்தக் கொடுமையைப் பற்றி நிர்வாகம் வாய் திறப்பதில்லை, ஆஸ்பத்திரியும் கேட்பதில்லை. ஆகவே நாம் கேட்கிறோம்.

வைத்தியத்தின்மீது நமக்கு வழக்கு இல்லை. 1950களில் இந்நோய் கண்ட பிள்ளை பிழைப்பது அபூர்வம். மலேசிய, சிங்கப்பூர் மருத்துவர்கள் கூடி நடத்திய 'மா-ஸ்போர் 2003' சிகிச்சைத் திட்டத்திலோ பத்துப் பிள்ளைகளில் எட்டுப் பேருக்கு மேல் ஐந்தாண்டைக் கடந்து வாழ்ந்தார்கள். பெருமைப்பட வேண்டிய செய்தி! ஆனால் இந்தச் சிகிச்சை ஒரு வாரத்தில் முடிவதன்று. இரண்டு ஆண்டுக்கு மேல் நடப்பது. அதில் பெரும்பகுதி நாட்கள் பிள்ளை வீட்டிலிருந்துதான் மாத்திரை சாப்பிடுகிறது. இரத்தத்தில் வெள்ளணு குறைந்து, சாதாரணக் கிருமியையும் தாங்கமாட்டாத உடம்போடு வீட்டில் கிடக்கிறது.

எந்த வீட்டில்? நாம் அறிந்த ஒரு தோட்டத்தில் லயத்துக்குப் பின்புறம் கூப்பிடு தூரத்தில் மருந்து ஸ்டோர். வாசலில் காலி மருந்து டின்னில் தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறார்கள். மருந்தடித்த சட்டையும் நோயாளிப் பிள்ளையின் சட்டையும் ஒரே தொட்டியில் ஊறுகின்றன. கூரைத் தண்ணீர் விழும் தொட்டியை எப்போது கழுவினார்கள் என்று கேட்டால், தீபாவளிக்கு முன்னாலே என்கிறார்கள். எந்தத் தீபாவளி என்று நாம் கேட்கவில்லை. அந்த வீட்டில் ஆறு வயதுப் பிள்ளை ஒன்று சிகிச்சையில் இருக்கிறது.

அந்தப் பிள்ளையின் ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்தோம். தகப்பன் தொழில் என்ற இடத்தில் 'தொழிலாளி' என்று ஒரே ஒரு சொல். தாய்க்கு அதுவும் இல்லை. வீட்டைச் சுற்றி என்ன தெளிக்கிறார்கள், குடிக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, தாய் கருவுற்றிருந்தபோது என்ன வேலை பார்த்தாள், ஒன்றும் எழுதப்படவில்லை. கேட்டிருந்தால் சொல்ல ஆள் இல்லையா? கிராணி உத்தியோகம் பார்க்கும் நம்மவர்களைக் கேட்டிருக்கலாமே! எந்தப் பெண் எந்தத் தேதியில் எந்தக் காட்டில் மருந்தடித்தாள் என்று செக்ரோல் சொல்லும். என்ன மருந்து, எத்தனை லிட்டர் வெளியே போனது என்று ஸ்டோர் புத்தகம் சொல்லும். தொழிலிடத்தில் புழங்கும் இரசாயனங்களுக்குப் பதிவேடு வைக்கவேண்டும் என்று 2000ஆம் ஆண்டு விதியும் இருக்கிறது. சம்பளத்தில் அரை நாள் பிடிப்பதற்குப் பயன்படும் ஏடு, பிள்ளையின் உயிருக்குப் பயன்படக்கூடாதா?

உடனே நிர்வாகத்தார் சொல்வார்கள்: "எங்கள் மருந்தினால்தான் நோய் வந்தது என்பதற்கு நிரூபணம் எங்கே?" ஐயா, அப்படி நாம் சொல்லவில்லை. புற்றுநோய் கண்ட பெரும்பாலான பிள்ளைகளுக்குக் காரணம் இன்னதென்று மருத்துவராலேயே சொல்ல முடியாது. ஆனால் பல நாடுகளின் 13 ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டிப் பார்த்து 2014இல் வெளியிட்டார்கள். கருக்காலத்தில் வேலையிடத்துப் பூச்சிமருந்து, களைமருந்துகளோடு புழங்கிய தாய்மாரின் பிள்ளைகளிடம் ஒருவகை இரத்தப் புற்றுநோய் ஏறக்குறைய இரு மடங்காகக் காணப்பட்டது. களைக்கொல்லியான கிளைபோசேட்டை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியதாகலாம் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015இல் வகைப்படுத்தியது. வேறு சில அரசாங்க அமைப்புகள் அதை மறுக்கின்றன. மறுக்கட்டும், வாதம் நடக்கட்டும். அது முடியும் வரை நோயாளிப் பிள்ளை அந்த நஞ்சோடு படுத்திருக்க வேண்டுமா?

நிரூபணத்துக்குக் காத்திருப்பதன் இலட்சணம் நமக்குத் தெரியாததா? பாராகுவாட் புற்றுநோய்க்காகப் பேர் போனதன்று. ஒரு வாய் உள்ளே போனாலே ஆளைக் கொல்லும் நஞ்சு. அதை ஒழிப்பதாக 2002இல் அறிவித்தார்கள். 2006இல் தடையைத் தளர்த்தினார்கள். முழுத் தடை வந்தது 2020 ஜனவரியில். பதினெட்டு ஆண்டு! பேராக்கில் புக்கிட் மேராவை எண்ணிப் பாருங்கள். தோரியக் கழிவு வந்த அருமண் ஆலை 1982இல் இயங்கத் தொடங்கியது. பிள்ளைகளுக்கு இரத்தப் புற்றுநோய் கண்டதை ஊர்க்காரர்களே எண்ணிச் சொல்லவேண்டியிருந்தது. நிறுவனம் தொடர்பை மறுத்தது. 1992இல் ஈப்போ உயர்நீதிமன்றம் மூடச் சொன்னதை 1993இல் மேல்நீதிமன்றம் தள்ளிவிட்டது. ஆலை 1994இல் மூடப்பட்டது. இடையில் வளர்ந்த பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்வது?

நாம் கேட்பது மலையையல்ல. பிள்ளை சிகிச்சையில் இருக்கும்வரை தாயையும் தகப்பனையும் மருந்தடிப்பிலிருந்து மாற்றி, சம்பளம் குறையாமல் வேறு வேலை கொடு. நம் பெண்ணானாலும் இந்தோனேசியப் பெண்ணானாலும் மருந்துச் சட்டையை லயத்துக்குக் கொண்டுபோகாமல் வேலையிடத்திலேயே கழற்றி, குளித்துவிட்டுப் போக வசதி செய். ஸ்டோரை வீடுகளுக்கு எட்டத் தள்ளு. தண்ணீர்த் தொட்டியைக் கழுவு. புகைமூட்ட மாதங்களில் அந்தப் பிள்ளைக்குப் புகை புகாத ஓர் அறையாவது ஒதுக்கு.

நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. காலி டின்னை வீட்டுக்குத் தூக்கி வருவதை விடுங்கள். லயத்துக்குப் பின்னால் குப்பை கொளுத்துவதையும், பிள்ளை படுத்திருக்கும் அறையில் சிகரெட் பிடிப்பதையும் நிறுத்துங்கள். ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றி வந்த இரண்டு நாளைக்குப் பிள்ளையின் சிறுநீரையும் வாந்தியையும் கையுறை போட்டுத் துடையுங்கள். அந்த மருந்தும் கடுமையானது. கர்ப்பிணிகள் அதைத் தொடவே வேண்டாம்.

கிராணித் தோழர்களே! உங்கள் தோட்டத்தில் இப்படியொரு பிள்ளை இருந்தால், பெற்றோர் செய்த வேலையையும் அடித்த மருந்துகளின் பெயரையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, மருத்துவரின் கையில் சேர்க்கச் சொல்லுங்கள். அவர் வாங்கிக் கோப்பில் வைத்தாரா என்பதை விசாரித்து, வரும் கிளைக் கூட்டத்தில் சொல்லுங்கள்.