தாத்தா வீட்டு டெலிவிஷனில் லட்ச ரூபாயா?

"எங்கள் வீட்டில் பழைய டெலிவிஷன் ஒன்று இருந்தது, சார். மரக் கதவு வைத்தது. பூட்டு, சாவிகூட உண்டு. அதற்குள் சிவப்புப் பாதரசம் இருக்கும் என்றார்கள். பத்து லட்ச ரூபாய் போகும் என்றார்கள். உடைத்துப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை!"

பாகூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஓர் இளைஞர் என்னிடம் இப்படிச் சொன்னார்.

அவர் காட்டிய மூலையைப் பார்த்தேன். தேக்கு மரப் பெட்டி பிளந்து கிடந்தது. படக் குழாய் சுக்கு நூறாகி இருந்தது. கண்ணாடித் துண்டுகள் சாக்கில் அள்ளி வைக்கப்பட்டிருந்தன. அவருடைய தாத்தா நெல் விற்ற பணத்தில் வாங்கிய டெலிவிஷன் அது. ஊரே திண்ணையில் உட்கார்ந்து ஒளியும் ஒலியும் பார்த்த பெட்டி!

உடைக்காமல் வைத்திருந்தால், பழம்பொருள் சேர்ப்பவர் யாராவது நியாயமான விலை கொடுத்து வாங்கி இருப்பார். பத்து லட்சம் அல்ல, சில ஆயிரம். இப்போது காயலான் கடைக்காரர்கூட அதைத் தொட மறுக்கிறார்.

தராசுடன் வருகிறவர்

பழைய ரேடியோ, டெலிவிஷன், கிராமபோன் தேடி அலைகிறவர்கள் இப்போது பெருகி இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி எழுதுவதற்காக வில்லியனூர், பாகூர் கொம்யூன் கிராமங்களில் சில நாட்கள் சுற்றினேன்.

மேல்நாட்டில் ஒருவர் இறந்துவிட்டால், அவர் வீட்டுச் சாமான்கள் அத்தனையிலும் விலைச் சீட்டு ஒட்டி, அந்த வீட்டிலேயே விற்பார்கள். யார் வேண்டுமானாலும் உள்ளே போய் வாங்கலாம்.

நம் ஊரில் அப்படி இல்லை. பெரியவர் கண்ணை மூடுகிறார். காரியம் முடிகிறது. பிள்ளைகள் பாகம் பிரிக்கிறார்கள். நாட்டு ஓட்டு வீட்டை இடித்து மாடி வீடு கட்ட நாள் பார்க்கிறார்கள். பரணில் இருந்த சாமான்கள் எல்லாம் திண்ணைக்கு வருகின்றன. அப்போது காயலான் கடைக்காரர் தராசுடன் வருகிறார்.

அவருக்கு ரேடியோ என்றால் ரேடியோ அல்ல. உள்ளே இருக்கும் செம்புக் கம்பி. ஒலிபெருக்கியில் இருக்கும் காந்தம். வெளியே இருக்கும் பலகை. அவ்வளவுதான். கிலோ கணக்கில் எடை போடுவார்.

அவரிடமிருந்து சில பெட்டிகள் தப்பிப் பிழைக்கும். புதுச்சேரி மகாத்மா காந்தி வீதியில் கூடும் ஞாயிறு சந்தைக்குப் போகும். சில, பழம்பொருள் கிடங்குகளுக்குப் போகும். தேடி அலைகிறவர்கள் அங்கேதான் பிடிப்பார்கள்.

புதுச்சேரிக்கு என்ன சிறப்பு?

புதுச்சேரி 1954 நவம்பர் 1-ந் தேதி வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. அந்த ஆட்சியில் பட்டாளத்தில் சேர்ந்து சைகோனுக்கும் பிரான்சுக்கும் போய் வந்தவர்கள் பலர். அவர்களை இங்கே "சொல்தா" என்று அழைப்பார்கள். திரும்பி வரும்போது ரேடியோ, கடிகாரம், இசைத்தட்டு என்று கொண்டு வந்தவர்கள் அவர்களில் உண்டு.

பாகூர் நெல் விளையும் பூமி. ஏரிப் பாசனம் உள்ள ஊர். நல்ல மகசூல் கண்ட ஆண்டில் ரேடியோ வாங்கிய மிராசுதாரர் வீடுகளும் இங்கே இருந்தன. மர்பி, பிலிப்ஸ், புஷ், எச்.எம்.வி. என்று அந்தப் பெயர்களைப் பெரியவர்கள் இன்றும் மறக்கவில்லை.

ரேடியோ வெறும் பாட்டுப் பெட்டியாக மட்டும் இருக்கவில்லை. 1960-களில் தஞ்சை மாவட்டத்தில் ஏ.டி.டி.27 என்ற புது நெல் பரவியது. அதைப் பற்றி விவசாயிகள் வானொலியில் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். அதனால் அந்த நெல்லுக்கு "ரேடியோ நெல்" என்றே பெயர் வந்துவிட்டது!

1967-ல் புதுச்சேரி வானொலி நிலையம் வந்தது. அதற்கு முன்பும் பின்பும் மக்கள் காதைக் கட்டிப்போட்டது இலங்கை வானொலி. சென்னையில் டெலிவிஷன் நிலையம் திறந்தது 1975 ஆகஸ்டு 15-ல். வண்ணப் படம் வந்தது 1982-ல்.

அந்த நாளில் ரேடியோ வைத்துக்கொள்ள லைசென்சு வேண்டும். தபால் ஆபீசில் ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும். 1980-களின் நடுவில்தான் அந்த லைசென்சு ஒழிந்தது. சில வீடுகளில் ரேடியோ போய்விட்டது. லைசென்சுப் புத்தகம் மட்டும் பெட்டியில் இருக்கிறது.

சிவப்புப் பாதரசம் என்னும் புளுகு

இனி அந்தப் பத்து லட்ச ரூபாய்க் கதைக்கு வருவோம்.

சிவப்புப் பாதரசம் என்று மந்திரப் பொருள் எதுவும் கிடையாது. உலக அணுசக்தி முகமையே 2004-ல் இதைச் சொல்லிவிட்டது. ஆனாலும் புளுகு சாகவில்லை. 2009-ல் சவூதி அரேபியாவில் இதே கதை கிளம்பியது. அங்கே பழைய சிங்கர் தையல் இயந்திரத்தில் சிவப்புப் பாதரசம் இருக்கிறது என்றார்கள். மக்கள் ஆயிரக்கணக்கில் ரியால் கொடுத்துத் தையல் இயந்திரம் வாங்கி ஏமாந்தார்கள்.

நம் பக்கத்தில் தையல் இயந்திரம் போய், டெலிவிஷனும் ரேடியோவும் வந்தன. செல்போனில் படம் ஓடியது. "கதவு வைத்த டெலிவிஷன் இருக்கிறதா? லட்சம் லட்சமாகத் தருகிறோம்" என்றார்கள். முதலில் முன்பணம் கட்டச் சொன்னவர்களும் உண்டு.

பழைய ரேடியோவின் வால்வுக்குள் வெள்ளி போலப் பளபளவென்று ஒரு பூச்சு தெரியும். அதைப் பார்த்துத்தான் பலர் பாதரசம் என்று நம்பிவிடுகிறார்கள். அது பேரியம் என்ற உலோகம். வால்வுக்குள் மிச்சம் இருக்கும் காற்றை உறிஞ்சிக்கொள்வதற்காகப் பூசியது. வால்வு விரிசல் விட்டால் அந்தப் பூச்சு பால் போல வெளுத்துவிடும். வால்வு செத்துவிட்டது என்று அர்த்தம். இதுதான் அதன் ரகசியம். காசாகும் சரக்கு அதில் இல்லை.

டெலிவிஷனை உடைப்பது ஆபத்தும்கூட. படக் குழாய் பல ஆயிரம் வோல்ட்டில் வேலை செய்வது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தங்கி இருக்கும். உடைந்தால் கண்ணாடி சிதறிக் கண்ணில் பாயும். அந்தக் கண்ணாடியில் காரீயமும் கலந்திருக்கும். பிள்ளைகள் விளையாடும் கொல்லையில் அதைக் கொட்டலாமா?

பேசிய பெட்டி

வில்லியனூர் பக்கத்தில் நான் கேட்ட இன்னொரு கதையைச் சொல்கிறேன்.

ஓர் ஆயா. வயது எண்பதுக்கு மேல். கணவர் "சொல்தா". பல ஆண்டுகள் பிரான்சில் இருந்தவர். அந்தக் காலத்தில் டெலிபோனில் பேசினால் சம்பளமே போய்விடும். ஆகவே கேசட்டில் பேசிப் பதிவு செய்து, ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்து அனுப்புவார். ஆயா டேப் ரிக்கார்டரில் போட்டுக் கேட்பார். பதிலும் கேசட்டிலேயே போகும்.

கணவர் போய்ச் சேர்ந்தார். பல ஆண்டுகள் கழித்து வீட்டை இடித்தார்கள். டேப் ரிக்கார்டரைக் காயலான் கடைக்காரர் எடுத்துக்கொண்டார். "இருநூறு ரூபாய் தருகிறேன், ஆயா" என்றார். "சரி, தம்பி, எடுத்துக்கிட்டுப் போ" என்றார் ஆயா. கேசட் இருந்த பிஸ்கட் டப்பாவும் சேர்ந்து போய்விட்டது.

அந்தப் பெட்டியை ஞாயிறு சந்தையில் ஒருவர் வாங்கினார். ஓய்வு பெற்ற பள்ளிக்கூட வாத்தியார். வீட்டுக்குக் கொண்டு போய்த் துடைத்து, பெல்ட்டு மாற்றி, டப்பாவில் இருந்த கேசட்டைப் போட்டார். பாட்டு வரும் என்று நினைத்தார். பாட்டு வரவில்லை. குரல் வந்தது.

"சின்னவனுக்கு ஜுரம் விட்டுதா? கிணத்தடி மாமரம் இந்த வருஷம் காய்ச்சுதா?"

வாத்தியார் உடனே நிறுத்திவிட்டார். "அடுத்தவர் கடிதத்தைப் பிரித்துப் படித்தது போல இருந்தது" என்று என்னிடம் சொன்னார்.

சந்தைக்காரரைக் கேட்டார். அவர் காயலான் கடையைக் காட்டினார். காயலான் கடைக்காரர் தெருவைக் காட்டினார். மூன்று ஞாயிற்றுக்கிழமை அலைந்து ஆயாவின் வீட்டைக் கண்டுபிடித்தார். கேசட்டுகளைக் கொடுத்தார். ஒன்றைப் போட்டும் காட்டினார்.

மாமரம் காய்த்ததா என்று குரல் கேட்டது. ஆயா அழவில்லை. பெட்டியைப் பார்த்து, "மரத்த வெட்டிட்டாங்களே!" என்று பதில் சொன்னாராம்.

உண்மையான புதையல் எது என்று இப்போது சொல்லுங்கள்! பெட்டிக்குள் பாதரசம் தேடுகிறோம். உள்ளே இருக்கும் தாத்தாவின் குரலை இருநூறு ரூபாய்க்குக் கொடுத்துவிடுகிறோம்.

என் கருத்து

"அதற்காகப் பழைய சாமானை எல்லாம் வைத்துப் பூஜை செய்யச் சொல்கிறீரா? புது வீட்டில் இடம் ஏது?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. விற்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தெரிந்து விற்க வேண்டும் என்கிறேன்.

வீட்டுக்காரர்களுக்கு முதலில் சொல்கிறேன். காரியம் முடிந்த சூட்டில் எதையும் விற்காதீர்கள். ஒரு மாதம் பொறுங்கள். கேசட், இசைத்தட்டு, போட்டோ, லைசென்சுப் புத்தகம் எல்லாவற்றையும் தனியே எடுத்து வையுங்கள். கேசட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள். பூஞ்சை பிடித்த கேசட்டை நல்ல பெட்டியில் போடாதீர்கள். தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டுங்கள். குரல் இருந்தால் செல்போனில் பதிவு செய்து பேரப்பிள்ளைகள் எல்லோருக்கும் அனுப்புங்கள். பெட்டியை விற்றாலும் குரல் வீட்டில் இருக்கும்.

பல ஆண்டு தூங்கிய ரேடியோவை "பாடுகிறதா பார்ப்போம்" என்று நேராகப் பிளக்கில் சொருகாதீர்கள். உள்ளே இருக்கும் கண்டென்சர் காய்ந்து போயிருக்கும். வெடித்தாலும் வெடிக்கும். அனுபவம் உள்ள மெக்கானிக் சீரிஸ் போர்டில் பல்ப் வைத்துத்தான் முதலில் சோதிப்பார்.

டெலிவிஷன் விஷயம் வேறு. தூர்தர்ஷனின் பழைய ஆன்டெனா ஒளிபரப்பு 2022-க்குள் பெரும்பாலும் நின்றுவிட்டது. ஆகவே பெட்டி நன்றாக இருந்தாலும் ஆன்டெனாவில் படம் வராது. அதை வாங்குகிறவர் அழகுக்காக வாங்குகிறார். அதற்குத் தகுந்த விலைதான் தருவார். செத்துப்போன பெட்டியை உடைக்காதீர்கள்; கம்பியை எரித்துச் செம்பு எடுக்காதீர்கள். மின்னணுக் கழிவுக்கு என்றே 2023 ஏப்ரல் முதல் புதிய விதிகள் நடப்பில் இருக்கின்றன. பதிவு பெற்ற நிலையத்துக்குத்தான் அது போக வேண்டும்.

அடுத்து, தேடி அலைகிறவர்களுக்குச் சொல்கிறேன். உங்கள் ஆசையில் தவறு இல்லை. நீங்கள் இல்லாவிட்டால் மர்பியும் புஷ்ஷும் என்றோ அடுப்பு விறகாகி இருக்கும். ஆனால் துக்க வீட்டில் பேரம் பேசாதீர்கள். விலை தெரியாத கிழவியிடம் முன்னூறு ரூபாய் கொடுத்துவிட்டு, சென்னையில் பத்தாயிரத்துக்கு விற்று, "அதிர்ஷ்டம்" என்று சொல்லாதீர்கள். அது அதிர்ஷ்டம் அல்ல, ஏமாற்று! என்ன விலை போகும் என்று வாய் திறந்து சொல்லி வாங்குங்கள். பெட்டிக்குள் குடும்பத்துப் பொருள் இருந்தால் திருப்பிக் கொடுங்கள். அந்த வாத்தியாருக்கு மூன்று ஞாயிறு போயிற்று. வேறு என்ன நஷ்டம்?

கடைசியாகக் கொம்யூன் பஞ்சாயத்துகளுக்கு ஒரு வேண்டுகோள். சிவப்புப் பாதரசம் பொய் என்று ஒலிபெருக்கியில் ஒருமுறை சொன்னால் போதும். பல வீட்டுப் பணம் தப்பும். ஊர் நூலகத்தில் ஓர் அலமாரியை ஒதுக்குங்கள். ஒரு வால்வு ரேடியோ, ஒரு கிராமபோன், ஒரு கதவு வைத்த டெலிவிஷன்! ஊர்க்காரர்களே கொடுப்பார்கள். எந்த வீட்டுப் பெட்டி என்று பெயர் எழுதி வைத்தால், பேரன் வந்து பெருமையோடு பார்ப்பான்.

பாகூர் இளைஞரிடம் விடைபெறும்போது ஒரு கேள்வி கேட்டேன். "தாத்தாவின் சாமான் வேறு ஏதாவது இருக்கிறதா?"

"பரணில் ஒரு ரேடியோ இருக்கிறது, சார்" என்றார்.

"உடைக்கப் போகிறீர்களா?"

அவர் சிரித்தார். "இல்லை, சார். கீழே இறக்கி முதலில் தூசி தட்டுகிறேன்" என்றார்.

உங்கள் வீட்டுப் பரணில் என்ன இருக்கிறது, வாசகர்களே? தராசுக்காரர் வருவதற்கு முன் ஒருமுறை ஏறிப் பாருங்கள்.