வேகத்தைக் கூட்டுமுன் வெப்பத்தைப் பாருங்கள்

உயர்தரம் படிக்கும் மகன் ஒருநாள் வந்து, "கணனியின் புரொசசரை ஓவர்குளொக் செய்யப் போகிறேன், காசு ஒன்றும் செலவில்லை" என்கிறான். கடன்பட்டு வாங்கிய கணனி, வீட்டில் இருப்பதும் அது ஒன்றுதான். விடுவதா, தடுப்பதா? விஷயம் தெரியாமல் இரண்டில் எதைச் செய்தாலும் தவறுதான். ஆகவே இம்மாதம் அதைப் பற்றிப் பேசுவோம்.

உற்பத்தியாளர் குறித்துக் கொடுத்த வேகத்துக்கு மேலாகப் புரொசசரை ஓட வைப்பதே ஓவர்குளொக்கிங். இது புதிய வித்தையன்று. 1998 இல் இன்டெல் வெளியிட்ட செலரோன் 300ஏ ஒரு மலிவான புரொசசர். தாய்ப்பலகையின் 66 மெகாஹேர்ட்ஸ் துடிப்பை 4.5 ஆல் பெருக்கி 300 இல் ஓடுவது அது. துடிப்பை 100 ஆக்கிய பலருக்கு அதே புரொசசர் 450 இல் ஓடியது!

இன்று அவ்வளவு இலாபம் கிடையாது. இப்போதைய புரொசசர்கள் தேவை வரும்போது தாமே வேகத்தைக் கூட்டிக்கொள்கின்றன. நாம் மேலும் கூட்டினால் நூற்றுக்கு ஐந்து, பத்து வீதம் கிடைக்கலாம். பழைய கணனியானால், அதற்கு ஓர் எஸ்எஸ்டி வாங்கிப் போடுவதே மேல் என்பேன். எல்லாப் புரொசசரும் இதற்கு இடங்கொடாது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். இன்டெலில் பெயரின் இறுதியில் 'கே' என்ற எழுத்து உள்ளவையும், அவற்றுக்கு ஏற்ற 'இசட்' வகைத் தாய்ப்பலகையும் வேண்டும். ஏஎம்டி ரைசனில் பெரும்பாலானவை இடங்கொடுக்கும். ஏ320 போன்ற மலிவுப் பலகைகள் கொடா.

இனி வெப்பத்துக்கு வருவோம். மின்னழுத்தம் கூடும்போது வெப்பம் அதன் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். வேகத்தை 10 வீதமும் மின்னழுத்தத்தை 10 வீதமும் கூட்டினால், வெப்பம் ஏறத்தாழ 33 வீதம் கூடிவிடும். குளிர்நாட்டார் 22 பாகை அறையில் இருந்து, "எனது புரொசசர் 70 பாகைதான்" என்பார்கள். காற்றாடி எவ்வளவு நல்லதானாலும், அறைக் காற்றை விடக் குளிராக்க அதனால் இயலாது. வவுனியாவில் சித்திரை வெயிலில், தகரக் கூரையின் கீழ் அறை 35 பாகை என்றால், அதே புரொசசர் 83 ஐத் தொடும். போதாததற்கு நமது செம்மண் புழுதி! கணனிப் பெட்டியைத் திறந்து, காற்றாடி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு புழுதியை ஊதி அகற்றுங்கள். அதுவே சில பாகையைக் குறைத்துவிடும்.

பிறகு நடுப்பகலில், வேகத்தைக் கூட்டாமலே சினிபெஞ்ச் போன்ற சோதனையை அரைமணி நேரம் ஓடவிட்டு, வெப்பத்தையும் மின்னழுத்தத்தையும் கொப்பியில் எழுதுங்கள். அப்போதே 85 ஐத் தாண்டினால் இந்த ஆசையை விட்டுவிடலாம். இல்லையேல் பயோஸில் பெருக்கியை மட்டும் ஒன்று கூட்டுங்கள்; 42 ஐ 43 ஆக்கினால் 100 மெகாஹேர்ட்ஸ் கூடும். மின்னழுத்தத்தை 'ஓட்டோ'வில் விடாதீர்கள். சில பலகைகள் கேட்காமலே அளவுக்கு மேல் ஏற்றிவிடும். குறித்து வைத்த அளவிலேயே நிறுத்தி மீண்டும் சோதியுங்கள். கணனி உறைந்தால், தானே மறுபடி தொடங்கினால், ஒரு படி, இரு படி இறங்கி அங்கேயே நில்லுங்கள்.

மின்னழுத்த விஷயத்தில் நான் இவ்வளவு கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு. இன்டெலின் 13 ஆம், 14 ஆம் தலைமுறை மேசைக் கணனிப் புரொசசர்கள் பல, யாரும் கைவைக்காமலே பழுதடைந்தன. மிகையான மின்னழுத்தமே காரணம் என்று 2024 இல் அந்நிறுவனமே ஒப்புக்கொண்டு, உத்தரவாதத்தை இரு வருடங்கள் நீடித்தது. திருத்தம் வெளிவந்தது, ஏற்கெனவே பழுதானவற்றை அது குணப்படுத்தவில்லை. அவை உங்களிடம் இருந்தால் பயோஸைப் புதுப்பியுங்கள், ஓவர்குளொக் வேண்டாம். ஓவர்குளொக்கினால் வரும் பழுதுக்கு உத்தரவாதம் செல்லாது.

பயோஸைப் புதுப்பிக்கும்போது மின்சாரம் நின்றால் தாய்ப்பலகையே முடங்கலாம். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாட்டையே இருளாக்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். யூபிஎஸ் இல்லாமல் அந்த வேலையைத் தொடாதீர்கள்.

திரையே வராமல் போனால் பதற வேண்டாம். மின்சாரத்தைத் துண்டித்து, தாய்ப்பலகையில் உள்ள நாணயம் போன்ற பற்றரியைச் சில நிமிடங்கள் கழற்றி மாட்டினால், அநேகமாகப் பழைய அமைப்பு திரும்பிவிடும். மாரி மழையில் அமைத்த வேகத்தை, சித்திரை பிறந்ததும் இன்னொரு தடவை நடுப்பகலில் சோதித்துப் பாருங்கள்.