தேனீ காட்டவும் காசா?

வலியசாலை அக்கிரகாரத்தில் எங்கள் திண்ணைச் சுவரிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு பிசின் குழாய் நீட்டிக்கொண்டிருக்கிறது. கொசுத்தேனீயின் வாசல். இது கொட்டாது, சீண்டினால் தலைமுடிக்குள் புகுந்து கடிக்கும், அவ்வளவுதான். தேனை அறுகோண அறையில் அல்ல, சின்னச் சின்ன மெழுகுக் குடங்களில் வைக்கும். தெருப் பிள்ளைகள் இதைப் பார்க்கவே வருகிறார்கள்.

கட்டணம் வைத்து விடுமுறை வகுப்பு நடத்தப்போகிறேன் என்றதும், "தேனீ காட்டவும் காசா?" என்றார் ஒரு மாமா. பாட்டுக்கும் டியூஷனுக்கும் கொடுக்கிறோமே! இலவசமென்றால் ஒரு கோடையோடு நின்றுபோகும். மார்த்தாண்டத்தில் 1920-களிலேயே ஒய்.எம்.சி.ஏ. தேனீ வளர்ப்பைப் பிழைப்பாகவே கற்றுக்கொடுத்தது.

பெற்றோரே, சுவர் ஓட்டையைச் சிமெண்டால் அடைக்கும் முன் பிள்ளையைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.