செல்வரும் சேவையும்

செல்வம் பெருகத் தேகம் சோரும் என்பர். அதனைப் பொய்யாக்கியவர் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்து அந்தோணி டிரெக்ஸல் பிடில் (1874-1948) என்பார். பெருஞ்செல்வக் குடியிற் பிறந்த இவர் ஊதியங் கருதாது குத்துச்சண்டை பயின்றார். வேதபாட வகுப்புகளை நிறுவி, வேதப்பயிற்சியோடு தேகப்பயிற்சியையும் இணைத்தார். 1919ல் டெம்ப்ஸியும் வில்லர்டும் பொருத உலகப் புகழ்பெற்ற போட்டிக்கு நடுவருள் ஒருவராயும் அமர்ந்தார்.

முதல் உலகப்போரில், நாற்பது வயது கடந்தபின், மெரைன் என்னும் கடற்படைச் சேனையிற் சேர்ந்து, கைப்போரும் துப்பாக்கிமுனைக் கத்திப்போரும் கற்பித்தார். 1937ல் அவ்வித்தையை நூலாக எழுதினார். இரண்டாம் உலகப்போரில், அறுபத்தைந்து கடந்த முதியவர், கத்தியோடு தம்மையே தாக்குமாறு இளைஞரை ஏவி, வெறுங்கையால் அதனைப் பறித்துக் காட்டினார்.

கொல்லும் வித்தையைக் கற்பித்தல் அறமோ எனின், அவ்வினா நியாயமானதே. போரை நாம் போற்றுகின்றோமல்லோம். ஆயினும், பிறரை அபாயத்துக்கு ஆயத்தஞ் செய்பவர் அதனை முதலில் தம் மெய்யில் ஏற்றாரன்றோ? அதுவே ஆசிரியர்க்கு இலக்கணம் என்போம்.

பரீட்சை முடிந்ததும் பந்தையும் மட்டையையும் துறக்கும் நம் மாணவர் இதனைச் சிந்திப்பாராக. விளையாட்டிற் பெற்ற வன்மையும் பொருளால் வாய்த்த ஓய்வும் பிறர்க்குப் பயன்படாவிடின், அவை மண்ணிற் புதைத்த பொன்னே.