விவாத மேடையும் தங்கவயல் வாக்காளரும்

புதுதில்லி: ஒன்றரை மணி நேர விவாதம் ஒரு தேர்தலின் போக்கை மாற்றிவிடுமா? அமெரிக்காவில் மாற்றியது. 2024 ஜூன் 27-இல் அட்லாண்டாவில் நடந்த தொலைக்காட்சி விவாதத்தில் அதிபர் ஜோ பைடன் தடுமாறினார். அடுத்த 24 நாள்களில் போட்டியிலிருந்தே விலகினார்.

தடுமாறுவோர் அனைவரும் வீழ்ந்துவிடுவதில்லை. 1984-இல் ரொனால்ட் ரீகனும் முதல் விவாதத்தில் சோபிக்கவில்லை. அவரது வயது குறித்தும் கேள்வி எழுந்தது. இரண்டாவது விவாதத்தில் அந்த ஐயத்தைப் போக்கி அவர் வென்றார். மக்கள் மனதில் ஏற்கெனவே இருக்கும் ஐயத்தை உறுதிப்படுத்தும் தடுமாற்றமே எதிர்பார்ப்பைச் சரிக்கிறது.

நம் நாட்டில் அத்தகைய சோதனைக்கே இடமில்லை. 2018 கர்நாடக சட்டப்பேரவைத் தேர்தலின்போது, மாநில அரசின் சாதனைகளைக் கையில் காகிதமின்றி 15 நிமிடம் பேச முடியுமா என்று ராகுல் காந்திக்குப் பிரதமர் மோடி சவால் விடுத்தார். முன்னதாக, நாடாளுமன்றத்தில் தம்மை 15 நிமிடம் பேசவிட்டால் பிரதமரால் எதிரே நிற்க முடியாது என்று ராகுல் கூறியிருந்தார். 2024 மக்களவைத் தேர்தலின்போது முன்னாள் நீதிபதிகள் மதன் லோக்கூர், ஏ.பி. ஷா, பத்திரிகையாளர் என். ராம் ஆகியோர் இருவரையும் பொது விவாதத்துக்கு அழைத்தனர். ராகுல் இசைந்தார், விவாதம் நடைபெறவில்லை.

இதனால் இழப்பு யாருக்கு? அதே கர்நாடகத்தில், தமிழர்கள் பெருமளவில் வாழும் கோலார் தங்கவயலைப் பார்த்தால் புரியும். நூற்றாண்டுக்கும் மேலாகத் தங்கம் தந்த அந்தச் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டன. அதற்குப் பின் வந்த தேர்தல்களில் இந்தியக் குடியரசுக் கட்சி, பாஜக, காங்கிரஸ் என மூன்று கட்சிகளை அத்தொகுதி மாறிமாறித் தேர்ந்தெடுத்துவிட்டது. 2008, 2013 தேர்தல்களில் வென்ற பாஜகவை, 2018-இல் 40 ஆயிரத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் தோற்கடித்தது. எதிர்பார்ப்பு பொய்த்ததைச் சொல்ல அந்த வாக்காளருக்கு வாக்குச்சீட்டு ஒன்றே வழி. அதற்கும் ஐந்தாண்டு காத்திருக்க வேண்டும்.

2024 ஜூனில், சுரங்கக் கழிவு மேடுகளிலிருந்து தங்கம் பிரித்தெடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை இசைவளித்தது. அதில் உள்ளூர் இளைஞருக்கு எத்தனை வேலை? சயனைடு கலந்த மண்ணைக் கிளறும்போது மக்களின் நலனுக்கு யார் பொறுப்பு? பொதுக்கூட்ட மேடையில் இவற்றுக்கு விடை கூறாமல் கைதட்டல் பெற்றுவிடலாம். எதிரே போட்டியாளரும் நடுவரும் அமர்ந்திருந்தால் அது இயலாது.

நாவன்மை மட்டுமே நல்லாட்சி ஆகாது என்பது உண்மையே. ஆனால், கேள்விக்கு முன் தடுமாறுபவரை வாக்களிப்பதற்கு முன்பே அறியும் உரிமை தங்கவயல் வாக்காளருக்கும் உண்டு. தலைவர்கள் தில்லியில் மேடையேறத் தயங்கினால், தொகுதி வேட்பாளர்களிடமிருந்தாவது அந்த மரபு தொடங்கட்டும்.