தப்புக் கணக்கிலும் ஒரு கணக்கு உண்டு

சிறு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருவது எளிய வேலை என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். பட்ட வகுப்பு எடுப்பவரை உயர்ந்தவராகவும், முதல் வகுப்பில் ஆனா ஆவன்னா சொல்லித் தருபவரைச் சற்றுக் குறைந்தவராகவும் பார்க்கும் வழக்கம் நாட்டில் நெடுநாளாக உண்டு. எங்கள் ஊர்ச் சமுதாயக் கூடத்தில், ஒன்று முதல் நான்காம் வகுப்பு வரை படிக்கும் 18 பிள்ளைகளுக்கு ஓராண்டு காலமாக மாலை வேளையில் பாடம் சொல்லி வருகிறேன். அதனால் எனக்கு உறுதிப்பட்ட கருத்து ஒன்றுதான். பிள்ளையின் தவறான விடையை அடிப்பதற்கு முன், அது எப்படி வந்தது என்று கேட்க வேண்டும். இந்த ஒரு கேள்வியைப் பொறுமையோடு கேட்பதற்குப் பட்ட வகுப்பு எடுக்கும் திறமைக்குச் சற்றும் குறையாத திறமை வேண்டும்.

மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, 42இலிருந்து 17ஐக் கழித்து 35 என்று எழுதியிருந்தாள். "எப்படிக் கண்ணு போட்டே?" என்று கேட்டேன். "ரெண்டுல ஏழு போகாதுக்கா. அதான் ஏழுல ரெண்டைக் கழிச்சேன். பெரிசுல இருந்துதானே சின்னதைக் கழிக்கணும்?" என்றாள். 53இல் 28 போனாலும், 61இல் 34 போனாலும் அவள் அதே வழியில்தான் சென்றிருந்தாள். இது கவனக்குறைவு அன்று. 'பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழி' என்று முதல் வகுப்பில் கற்ற விதியை அவள் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறாள். பத்துப் பத்தாகக் கட்டிய விளக்குமாற்றுக் குச்சிகளைக் கையில் கொடுத்து, ஒரு கட்டை அவிழ்க்கச் சொன்னதும் அவளுக்கு விளங்கிவிட்டது. விடையை மட்டும் அடித்திருந்தால் அந்த விதி அவள் மனத்தில் அப்படியே இருந்திருக்கும்.

நம் மொழியின் எண்ணுப் பெயர்களையே பாருங்கள். எழுநூறு, எண்ணூறு என்று சொல்லி வந்த பிள்ளை அடுத்துத் 'தொண்ணூறு' என்கிறது. நாம் சிரிக்கிறோம். ஆனால் நூறு என்னும் ஒலி 90இன் பெயரிலும், ஆயிரம் என்னும் ஒலி 900இன் பெயரிலும் இருப்பது பிள்ளையின் குற்றமா? நூற்றைந்து என்று சொன்னால் முதலில் 100 எழுதி, பக்கத்தில் 5 எழுதி, 1005 என்று காட்டும் பிள்ளை தன் காதில் விழுந்ததை வரிசை தவறாமல் எழுதியிருக்கிறது. 'கொக்கு' என்பதில் கொம்பைக் ககரத்துக்குப் பின்னால் போடும் பிள்ளையும் அப்படியே. முதலில் மெய்யொலி, பிறகு உயிரொலி என்று அது கேட்டது சரிதான். 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னா, லை போன்றவற்றின் வடிவத்தை எளிதாக்கிற்று. கொம்பு மட்டும் இன்றும் முன்னால்தான் நிற்கிறது.

அறிவியல் மாணவ நண்பர்களே! ஆய்வகத்தில் திருகு அளவியைக் கையில் எடுத்ததும் நாம் முதலில் பார்ப்பது சுழிப்பிழையை அல்லவா? பிழை இருக்கிறது என்பதற்காக அளவியை யாரும் தூக்கி எறிவதில்லை. நேர்ப்பிழையா, எதிர்ப்பிழையா, எவ்வளவு என்று குறித்துக்கொண்டு ஒவ்வோர் அளவீட்டிலும் திருத்தம் செய்கிறோம். அது எப்படி முடிகிறது? அந்தப் பிழை எப்போதும் ஒரே அளவில், ஒரே திசையில் வருவதால் முடிகிறது. பிள்ளைகளின் பிழைகளில் பெரும்பகுதி இவ்வகையே என்பதை இந்த ஓராண்டில் கண்டேன். ஓர் இரும்புக் கருவிக்கு நாம் காட்டும் பொறுமையை ஏழு வயதுப் பிள்ளைக்குக் காட்டக் கூடாதா?

காட்டாவிட்டால் என்ன கெட்டுவிடும் என்று சிலர் கேட்கலாம். எங்கள் வகுப்பில் நான்காம் வகுப்புச் சிறுவன் ஒருவன் எந்தக் கணக்குக்கும் விடை எழுதாமல் இடத்தை வெறுமையாக விட்டு வந்தான். காரணம் கேட்டதற்கு, "எழுதினாத்தானேக்கா தப்பு வரும்?" என்றான். ஒன்பது வயதில் அவன் கற்றுக்கொண்ட பாடம் இது! தவறாக எழுதும் பிள்ளையின் மனத்தை அதன் ஏட்டில் படிக்கலாம். எழுதாத பிள்ளையிடம் எதைப் படிப்பது?

2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், தன் 17ஆம் பிரிவில் உடல் தண்டனையோடு மனத்துன்பம் தருவதையும் தடை செய்துள்ளது. பிரம்பு பெரும்பாலும் மறைந்துவிட்டது. ஏளனம் இன்னும் மறையவில்லை. 2022இல் தமிழ்நாட்டில் தொடங்கப்பெற்ற எண்ணும் எழுத்தும் திட்டம், பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலையறிந்து கற்பிக்க முனைந்தது. வரவேற்கத்தக்க முயற்சியே. ஆயினும் ஒரு பிள்ளை எந்த நிலையில் நிற்கிறது என்பதோடு, ஏன் அங்கே நிற்கிறது என்பதும் தெரிந்தால்தான் அதை அடுத்த நிலைக்குக் கைப்பிடித்து அழைத்துச் செல்ல முடியும்.

ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்புகளையும் இருவரே கவனிக்கும்போது இதற்கெல்லாம் நேரம் ஏது என்ற கேள்வி நியாயமானது. அந்த ஆசிரியர்களின் சுமையை நான் அறிவேன். போதிய ஆசிரியர்களை நியமிப்பது அரசின் கடமை. ஆனால் ஒரே தப்பு விடையைப் பல ஏடுகளில் காணலாம். ஒரு பிள்ளையைக் கேட்டால் பல பிள்ளைகளின் சிக்கல் அவிழும். காரணம் அறியாமல் அதே பாடத்தை மூன்று முறை நடத்துவதற்கு ஆகும் நேரம் இதைவிட மிகுதி.

என்னைப் போலவே, குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் இங்கே பலர் இருக்கிறோம். நம் வீடுகளில் ஏட்டைப் புரட்டிப் பார்த்தவர்களுக்குச் சிவப்பு மைக்கோடு தெரிந்தது, கணக்கு தெரியவில்லை. அத்தகைய வீட்டுப் பிள்ளைக்கு "எப்படிப் போட்டாய்?" என்று கேட்க ஆசிரியரை விட்டால் வேறு ஆள் இல்லை. நாளை நம்மில் பலர் ஆசிரியராவோம், ஆகாதவர்களும் பெற்றோராவோம். அன்று நம் முன் நீட்டப்படும் ஏட்டில் தப்புக் கணக்கு ஒன்று நிச்சயம் இருக்கும். பேனாவைத் திறக்கும் முன் பிள்ளையைப் பேச விடுவோம்.