முதல் பாடத்திலேயே குலுக்கல் எதற்கு?

சிமுலேட்டரில் டர்புலன்ஸை ‘யதார்த்தம்’ என்ற அளவில் வைத்துவிட்டு, புது மாணவருக்கு நேர்மட்டப் பறத்தல் சொல்லிக்கொடுக்கும் பயிற்றுநர்கள் உண்டு. நிஜ வானம் இப்படித்தானே இருக்கும் என்பார்கள். நமக்கு அது சரியாகப் படவில்லை.

மேசைச் சிமுலேட்டரில் குலுக்கல் கண்ணுக்கு மட்டும்தான் வருகிறது. செஸ்னா 172-இல் இறக்கை தூக்கினால் முதலில் சொல்வது இருக்கை. முள் பிறகுதான் நகரும். திரைக்கு முன்னால் இருக்கை சும்மா கிடக்க, அடிவானமும் வேகமானியும் ஆடுகின்றன. மாணவர் முள்ளைத் துரத்துகிறார். வேகம் சற்று ஏறினால் மூக்கைத் தூக்குகிறார், அது அடங்குவதற்குள் தள்ளுகிறார். குலுக்கலில் பாதி அவர் கை செய்த வேலை. டிரிம் செய்த விமானம் கையை எடுத்தால் தானே பழைய நிலைக்கு வரும். அதை அமைதியான காற்றில் பார்க்காதவருக்கு இது புரியவே புரியாது.

தப்பான குலுக்கல் அனுபவசாலியையும் கெடுக்கும். 2001 நவம்பர் 12 அன்று நியூயார்க்கில் புறப்பட்ட அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 587, முன்னே போன ஜம்போவின் சுழல்காற்றில் மாட்டியது. துணை விமானி ரட்டரை இடமும் வலமுமாக மாறி மாறி மிதித்ததில் செங்குத்து வால் முறிந்து விழுந்தது. தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 265 பேர் இறந்தார்கள். தேவைக்கு மீறிய அந்த மிதியே காரணம் என்றது அமெரிக்க விசாரணை வாரியம். ரட்டர் அமைப்பின் தன்மையையும், நிறுவனத்தின் பயிற்சித் திட்டத்தின் சில கூறுகளையும் துணைக்காரணங்களாகச் சேர்த்தது. அந்தத் திட்டத்தில் சிமுலேட்டர் சுழல்காற்றை மிகைப்படுத்திக் காட்டியிருந்தது.

அதோடு, எந்த ஊர் யதார்த்தம்? மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரின் 2020 பதிப்பு தொடக்கப் பாடங்களை அரிசோனாவின் செடோனாவில் நடத்துகிறது. நம் லாஸ்பேட்டை விமான நிலையக் காற்றுக்கோ நேரமும் இடமும் உண்டு. கோடையில் காலை மேல்காற்று. நண்பகல் வாக்கில் கடற்காற்று ஏறித் திசை மாறும். மேல்காற்று வலுத்த நாளில் அது பிற்பகல்வரை தள்ளிப்போகும். அந்த நேரம் பார்த்து 25-ஆம் ஓடுபாதையில் இறங்குபவருக்கு எதிர்காற்று பின்காற்றாகிவிடும், அதுவும் ஏறத்தாழ 1,500 மீட்டர் ஓடுபாதையில். மேற்கிலிருந்து 07-க்கு வந்தாலோ, ஊசுடு ஏரிமேல் அடங்கியிருந்த விமானம் காய்ந்த செம்மண் மேட்டின்மேல் துள்ளும். எந்நேரமும் எங்கும் ஒரே மாதிரி ஆட்டிவைக்கும் அமைப்பு இதில் எதைச் சொல்லித்தரும்?

முதல் சில பாடங்களுக்குக் காற்றைச் சுழியத்தில் வையுங்கள். மாணவரின் பிடி தளர்ந்தபின் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். வேகத்தை மனூவரிங் வேகத்துக்குக் கீழே கொண்டுவரச் சொல்லி, உயரம் ஐம்பது நூறு அடி ஏறி இறங்கினால் கண்டுகொள்ளாமல் இருக்கப் பழக்குங்கள். இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்குக்கான 40 மணி நேரக் கருவிப் பறத்தலில் 20 மணி நேரம்வரை அங்கீகாரம் பெற்ற சிமுலேட்டரில் முடிக்க டிஜிசிஏ அனுமதிக்கிறது. அந்த மணிகளைப் பதியும்போது காற்று எந்த அளவில் வைக்கப்பட்டது என்பதையும் குறிப்புப் பத்தியில் எழுதிவைத்தால், அடுத்து அந்த மாணவரை ஏற்கும் பயிற்றுநருக்கு எங்கிருந்து தொடங்குவது என்று தெரியும்.